நீதிமன்றம் கேட்காத இசை



திரையிசைச் சிறப்பிதழ் உங்கள் கைக்கு வந்துவிட்டது. உள்ளே இருக்கும் கட்டுரைகள் எல்லாமே படத்துக்கென்று மெட்டுப் போட்டு, படத்துக்கென்று வாசித்த இசையைப் பற்றியவை. ஆசிரியர் பக்கத்திலாவது ஒரு மாறுதல் இருக்கட்டும் என்று, படத்துக்காக எழுதப்படாத ஓர் இசையை எடுத்துக்கொள்கிறேன். அந்தப் படம் திரைக்கு வருவதற்கு 98 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி, அரங்கேறி முடிந்த இசை அது. எழுதப்பட்ட காலத்தில் சினிமா என்ற ஒன்றே உலகத்தில் கிடையாது.

படத்தின் பெயர் 'லெ ஸமான்', தமிழில் 'காதலர்கள்'. 1958-இல் வந்த பிரெஞ்சுப் படம். இயக்கியவர் லூயி மால். அப்போது அவருக்கு 26 வயதுகூட நிறையவில்லை. கதாநாயகி ழான் மோரோ. படம் வெனிஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசை வாங்கியது. அதே வேகத்தில் ஆபாசப் படம் என்ற பெயரையும் வாங்கியது. கத்தோலிக்க அமைப்புகள் கண்டித்தன. அமெரிக்காவில் இந்தப் படத்தைத் திரையிட்ட தியேட்டர் மேலாளர் ஒருவர் மேல் வழக்குப் போட்டு, அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. இத்தனைக்கும் நடுவில், அதுவரை முக்கியமாக நாடக மேடையில் பேர் பெற்றிருந்த மோரோவை உலகம் முழுவதும் தெரிந்துகொண்டது.

வழக்கைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு ஆதங்கம் உண்டு. அந்தப் படத்தைக் கண்டித்தவர்களும் சரி, காப்பாற்றியவர்களும் சரி, எல்லோரும் அதைப் பார்த்தார்கள். யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் பாதி விவாதம் வேண்டியிருந்திருக்காது என்பது என் கட்சி. அதை உங்கள் முன் வைக்கத்தான் இந்தப் பக்கம்.

கதை எளியது. டிஜோன் நகரத்துப் பக்கம் ஒரு பெரிய மாளிகை. பத்திரிகை முதலாளியின் மனைவி, பெயர் ழான். ஒரு சின்னப் பெண் குழந்தை இருக்கிறது. கணவருக்கு அச்சகமும் பத்திரிகையும்தான் உலகம். சலித்துப்போன ழான் அடிக்கடி பாரிஸில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போகிறாள். அங்கே போலோ ஆட்டக்காரர் ஒருவரோடு பழக்கம். கணவருக்குச் சந்தேகம். தோழியையும் அந்தப் போலோக்காரரையும் வார இறுதியில் வீட்டுக்கு விருந்துக்கு அழைக்கச் சொல்கிறார். பாரிஸிலிருந்து திரும்பும் வழியில் ழானின் கார் நின்றுவிடுகிறது. வழியில் வந்த ஓர் இளைஞன் தன் சின்ன சித்ரோன் டூ சிவி வண்டியில் ஏற்றிக்கொள்கிறான். அகழ்வாராய்ச்சி செய்பவன். அவனுக்கு எந்த அவசரமும் இல்லை. விருந்துக்கு நேரமாகிறது என்று இவள் பதறும்போது, போகிற வழியில் தன் பழைய பேராசிரியரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போகிறான். வீடு வந்து சேர்கிறார்கள். அவனையும் இராத் தங்கச் சொல்கிறார் கணவர். சாப்பாட்டு மேசையில் ஐவரும் ஒருவரை ஒருவர் வார்த்தைகளால் சீண்டிக்கொண்டிருக்க, அறைக்குள் ஒரு வௌவால் புகுந்து அமர்க்களப்படுத்துகிறது.

இதுவரைக்கும் படம் ஒரு கெட்டிக்காரத்தனமான பணக்கார வீட்டு நாடகம், அவ்வளவுதான். எல்லோரும் தூங்கப் போன பிறகு ழான் தூக்கம் வராமல் கீழே இறங்கி வருகிறாள். தோட்டத்தில் அந்த இளைஞன். அங்கிருந்து படம் வேறு ஒன்றாக மாறிவிடுகிறது. நிலா வெளிச்சத்தில் புல்வெளி, மரங்கள், ஆறு. ஆற்றில் யாரோ வைத்திருந்த மீன் பொறியைத் திறந்து உள்ளே இருந்த மீன்களை விட்டுவிடுகிறார்கள். படகில் ஏறிப் போகிறார்கள். அப்புறம் அவளுடைய அறை. விடிந்ததும் கணவரும் விருந்தாளிகளும் மீன் பிடிக்கக் கிளம்பி நிற்கும் நேரத்தில், அவர்கள் கண்ணெதிரே அந்தச் சின்ன வண்டியில் ஏறி ழான் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். குழந்தையையும் விட்டுவிட்டு.

ஒளிப்பதிவாளர் ஆன்றி தெக்கே அந்த இரவை அகலத்திரையில், கறுப்பு வெள்ளையில் படம் பிடித்திருக்கிறார். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். திரையில் வந்த முதல் காதல் இரவு இது என்ற பொருள்பட அப்போது விமர்சகராக இருந்த ஃபிரான்சுவா ட்ரூஃபோ எழுதினார்.

அந்த இரவு முழுக்க நம்மோடு வருகிற இசை யோகானஸ் ப்ராம்ஸ் எழுதியது. பி ஃப்ளாட் மேஜரில் அமைந்த அவருடைய முதல் தந்தி அறுவர் இசை, 18-ஆம் எண் படைப்பு, அதன் இரண்டாம் பகுதி. இரண்டு வயலின், இரண்டு வயோலா, இரண்டு செல்லோ, ஆக ஆறு பேர். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றும் இல்லை. ஒரு நல்ல கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கலாம்.

காதல் காட்சிக்கு இசை வேண்டும் என்றால் எந்த இயக்குநரும் என்ன செய்வார்? குழைவான மெட்டு ஒன்றைத் தேடுவார். வயலின்கள் மேலே ஏறி ஏங்கும். பியானோ சொட்டுச் சொட்டாக விழும். மால் எடுத்த இசையில் அந்தக் குழைவு துளியும் இல்லை என்பதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. இந்தப் பகுதி டி மைனரில் இருக்கிறது. மெட்டை முதலில் எடுப்பது வயலின் இல்லை, வயோலா. வயலினைவிடக் கொஞ்சம் பெரிய கருவி, குரலும் தாழ்ந்தது. நடுவயதுக் குரல் என்று சொல்லலாம். அது அழுத்தமாக, ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஊன்றி வாசிக்க, கீழே மற்றக் கருவிகள் அடிமேல் அடி வைத்து ஒரே சீராக நடக்கின்றன. அந்த நடையில் கண்டிப்பு இருக்கிறது. பழைய ஐரோப்பிய நாட்டிய இசையான 'ஃபோலியா'வின் சாயல் அதில் கேட்கும் என்று இசை அறிந்தவர்கள் சொல்வார்கள். வயோலா சொன்னதை அடுத்து வயலின் வாங்கிக்கொண்டு மேலே திரும்பச் சொல்லும். இதுதான் மெட்டு. இதற்குப் பிறகு ஆறு மாறுபாடுகள்.

நம் கச்சேரிகளில் நிரவல் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த முறையைப் புரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. ஒரே வரியை எடுத்துக்கொண்டு, அதன் தாளக்கட்டை விடாமல், விதவிதமாக விரித்துக்கொண்டே போவது போலத்தான் இங்கேயும். ஒரு வித்தியாசம், மேடையில் கற்பனையாக வருவதில்லை. ப்ராம்ஸ் ஒவ்வொரு ஸ்வரத்தையும் எழுதி வைத்திருக்கிறார். முதல் மாறுபாட்டில் ஸ்வரங்கள் பிரிந்து ஓடத் தொடங்குகின்றன. இரண்டாவதில் ஓட்டம் இன்னும் நெருக்கமாகிறது. மூன்றாவதில் இரண்டு செல்லோக்களும் அடியிலிருந்து ஸ்வர வரிசைகளை மேலும் கீழுமாக இறைக்க, அறையே அதிர்கிறது. அது உச்சம். அதற்குப் பிறகு ப்ராம்ஸ் செய்வதைக் கேட்க வேண்டும். டி மைனரை விட்டு டி மேஜருக்கு வருகிறார். இருட்டான அறையில் யாரோ ஜன்னலைத் திறந்த மாதிரி அத்தனை கடுமையும் போய்விடுகிறது. நான்காவது மாறுபாடு அகன்று, கனிந்து பாடுகிறது. ஐந்தாவது குழந்தைகளின் இசைப்பெட்டி அளவுக்குச் சின்னதாக, மேல் ஸ்தாயியில் மட்டும். ஆறாவதில் பழைய டி மைனர் மெட்டு திரும்ப வருகிறது. இம்முறை செல்லோவில், சத்தம் இல்லாமல்.

இப்போது அந்த இரவை நினைத்துப் பாருங்கள். ஒரு பெண் தன் வாழ்க்கையை ஒரே இரவில் புரட்டிப்போடுகிறாள். படத்தின் இசை அவளைத் தூண்டவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. உறுதியான அடியெடுத்து அவளோடு நடக்கிறது. இவள் செய்வது விளையாட்டுக் காரியம் இல்லை, இதற்கு விலை உண்டு, அந்த விலை இவளுக்குத் தெரியும் என்பதைப் படத்தில் வேறு யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வயோலா சொல்கிறது. காமத்தைக் காட்டுவதற்கு மால் இந்த இசையை எடுத்திருந்தால் அவர் காது கேளாதவராக இருந்திருக்க வேண்டும். ஒரு முடிவின் கனத்தைக் காட்டவே இதை எடுத்தார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ப்ராம்ஸ் வேண்டியதற்கு மேல் வழிகிறார், ஆற்றங்கரைக் காட்சிகளில் நிலாவும் நீரும் இசையும் சேர்ந்து திகட்டுகின்றன என்று குறை சொன்ன விமர்சகர்கள் உண்டு. படகுக் காட்சியைப் பொறுத்தவரை அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இசையை எடுத்துவிட்டு அதே காட்சிகளைக் கற்பனை செய்து பார்த்தால், மிஞ்சுவது ஓர் அழகான மாளிகை, ஓர் அழகான பெண், ஒரு துரோகம். குற்றம் சாட்டியவர்கள் பார்த்தது அந்தப் படத்தைத்தான்.

இசை பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இந்தப் படத்துக்குள் வந்து சேர்ந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ப்ராம்ஸ் இதை எழுதியது 1859, 1860 ஆண்டுகளில். வயது 27. அவரை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய ராபர்ட் ஷூமன் 1856-இல் மனநோய் விடுதியில் இறந்துபோயிருந்தார். ஷூமனின் மனைவி க்ளாரா, ஐரோப்பாவின் தலைசிறந்த பியானோ கலைஞர்களில் ஒருவர், ப்ராம்ஸைவிடப் பதினான்கு வயது மூத்தவர். ப்ராம்ஸுக்கு க்ளாரா மேல் இருந்தது என்ன என்று நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர் க்ளாராவைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேறு யாரையும் செய்துகொள்ளவில்லை. பிற்காலத்தில் இருவரும் பேசி வைத்துக்கொண்டு, எழுதிய கடிதங்களைத் திரும்ப வாங்கி, பலவற்றை அழித்துவிட்டார்கள். அந்த க்ளாராவுக்கு 1860 செப்டம்பரில் 41 வயது நிறைந்தபோது ப்ராம்ஸ் அனுப்பிய பிறந்தநாள் பரிசு என்ன தெரியுமா? இந்த இரண்டாம் பகுதிதான். க்ளாரா தனியாக உட்கார்ந்து வாசித்துக்கொள்ளும்படி பியானோவுக்கு மாற்றி எழுதிக் கொடுத்தார். முழுப் படைப்பும் அடுத்த மாதம்தான் ஹனோவரில், வயலின் மேதை யோசஃப் யோவாகிம் முன்னிருந்து வாசிக்க, அரங்கேறியது.

ஆக, சொல்லாமலே இருந்துவிட்ட ஒருவரின் இசை, எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டுக் கிளம்பும் ஒருத்தியின் கதைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதை நினைக்கும்போது எனக்கு அந்த நடையில் கேட்கும் கண்டிப்பு இன்னும் கூடுகிறது.

ப்ராம்ஸ் அந்தக் காலத்துப் பிரான்சில் அவ்வளவு செல்லப்பிள்ளையும் இல்லை. ஜெர்மன்காரர், கனமானவர் என்று ஒதுக்கியவர்களே அதிகம். படம் வந்த அடுத்த ஆண்டு, 1959-இல், ஃபிரான்சுவாஸ் சகான் ஒரு நாவலுக்கே ப்ராம்ஸ் உங்களுக்குப் பிடிக்குமா என்று கேட்கும் தலைப்பை வைத்தார். அந்த நேரத்தில் பாரிஸ் தியேட்டர்களில் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் ப்ராம்ஸைக் கேட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மோரோவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. தந்தைக்கு நடிப்பு என்றாலே ஆகாது. தாய் இங்கிலாந்துக்காரர், நடனக் கலைஞர். இருபது வயதுக்குள் பிரான்சின் தேசிய நாடகக் குழுவான கொமெடி ஃபிரான்சேஸில் இடம் பிடித்தார். மேடையில் ராணி. சினிமாவிலோ சின்னச் சின்னப் பாத்திரங்கள். முகம் கேமராவுக்கு ஒத்துவராது என்று கனத்த மேக்கப் போட்டே நிறுத்தினார்கள். 1957-இல் மால் தன் முதல் கதைப் படமான 'தூக்குமேடைக்கு லிஃப்ட்'டில் அந்த மேக்கப்பைத் துடைத்துவிட்டு, இரவு நேர ஷான்ஸெலிசே வீதியில், கடைகளின் ஜன்னல் வெளிச்சத்தில் அவரை நடக்கவிட்டார். அடுத்த ஆண்டே 'லெ ஸமான்'. மாலும் மோரோவும் அப்போது காதலர்கள். இந்தப் படத்தோடு அதுவும் முடிந்தது. படத்தின் கடைசியில், காரில் போகும்போது, அவருடைய குரலே கதையைச் சொல்கிறது: அவளுக்குப் பயமாக இருக்கிறது, ஆனால் வருத்தம் இல்லை. சற்றுக் கரகரத்த, அடங்கிய குரல். வயோலாவுக்கும் அந்தக் குரலுக்கும் ஓர் உறவு இருக்கிறது. கேட்பவர்களுக்குத் தெரியும். அந்தப் பயமும் அந்த உறுதியும் ஒரே முகத்தில் நிற்பதைப் பார்த்த பிறகுதான் அந்தோனியோனி, ட்ரூஃபோ, புனுவெல் என்று உலகத்தின் பெரிய இயக்குநர்கள் எல்லோரும் தங்கள் படங்களில் அவரைத் தேடிப் பிடித்தார்கள். 2017-இல் மோரோ இறந்தபோது அவருக்கு 89 வயது.

மாலின் முதல் படத்தின் இசையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு இசை, அமெரிக்க ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ். பாரிஸுக்கு வாசிக்க வந்திருந்தவரை மால் பிடித்துக்கொண்டார். 1957 டிசம்பர் 4 இரவு ஸ்டுடியோவுக்குள் போன டேவிஸும் உடன் வாசித்த நால்வரும், திரையில் ஓடவிட்ட காட்சிகளைப் பார்த்துக்கொண்டே அந்த இடத்திலேயே கற்பனையாக வாசித்து, விடிவதற்குள் முழுப் படத்துக்கும் இசையை முடித்துவிட்டார்கள். மோரோவும் அந்த இரவு ஸ்டுடியோவில் இருந்தார். முதல் படத்தில் படத்தைப் பார்த்துப் பிறந்த இசை. அடுத்த படத்தில் ஏற்கெனவே கிட்டத்தட்ட நூறு ஆண்டு நின்றுவிட்ட இசை. இரண்டும் ஒரே ஆளின் காது. பின்னாளில் இன்னொரு படத்துக்கு எரிக் சாட்டியின் பியானோ, இன்னொன்றுக்கு ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கிதார், கடைசிக் காலத்தில் ஸ்டெஃபான் கிராப்பெல்லியின் வயலின் என்று மால் கடைசி வரைக்கும் இசையைத் தேடித் தேடி எடுத்தவர்.

இனி வழக்கு. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம், கிளீவ்லண்ட் ஹைட்ஸ். 'ஹைட்ஸ் ஆர்ட்' என்ற தியேட்டர். 1959 நவம்பரில் படத்தைத் திரையிட்டதற்காக அதன் மேலாளர் நிக்கோ ஜாகோபெலிஸ் மேல் வழக்கு. ஆபாசப் படத்தை வைத்திருந்தது ஒரு குற்றம், காட்டியது இன்னொரு குற்றம். 500 டாலரும் 2,000 டாலரும் அபராதம். மாநில நீதிமன்றங்கள் அதை உறுதி செய்தன. ஜாகோபெலிஸ் விடவில்லை. 1964 ஜூன் 22 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தண்டனையை ரத்து செய்தது. ஆறு பேரும் ஒரே காரணத்தைச் சொல்லவில்லை. நீதிபதி பிரென்னன், அரசுத் தரப்பின் ஆட்சேபம் கிட்டத்தட்ட முழுக்கக் கடைசி ரீலில் வரும் ஒரு காதல் காட்சியைப் பற்றியது என்று குறித்துவிட்டு, படம் நாட்டின் சுமார் 100 பெரிய நகரங்களில் ஓடியிருப்பதையும் எடுத்துச் சொன்னார். நீதிபதி கோல்ட்பர்க், அந்தக் காட்சி அவ்வளவு துண்டு துண்டாக, கணத்தில் மறைவதாக இருக்கிறது, யாராவது தணிக்கைக்காரர் சொல்லி வைத்தால் ஒழியப் பார்வையாளருக்குத் தவறாக ஏதும் தோன்றாது என்ற பொருளில் எழுதினார். இவர்களைவிடப் புகழ் பெற்றவர் நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட். கடும் ஆபாசம் எது என்று தன்னால் இலக்கணம் வகுக்க முடியாது, ஆனால் கண்ணால் பார்த்தால் தெரியும், இந்தப் படம் அதில் சேராது என்றார் அவர். இன்றுவரை அமெரிக்காவில் அடிக்கடி எடுத்தாளப்படும் நீதிமன்ற வாசகங்களில் அது ஒன்று.

தீர்ப்பு சரியானது. ஜாகோபெலிஸின் அபராதம் போனது, கலைக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. எனக்கு அதில் சந்தோஷமே. இருந்தாலும் ஒன்பது நீதிபதிகள், அத்தனை பக்கங்கள், ஒரு வரிகூட இசையைப் பற்றி இல்லை. காட்சி எவ்வளவு நேரம் வருகிறது, எவ்வளவு தெரிகிறது, தெரிவது வரம்புக்குள்ளா வெளியிலா என்பதுதான் வாதம். அந்தக் காட்சியின் ஒழுக்கம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால், வயோலாவைக் காட்டியிருக்கலாம். நோக்கம் கீழானதாக இருந்தால் அந்த இசை அங்கே ஒரு நிமிஷம்கூடப் பொருந்தி நிற்காது. கேலிக்கூத்தாகிவிடும். அது நிற்கிறது என்பதே சாட்சி.

தணிக்கை என்ற சொல் வந்தாலே நாமும் இன்றுவரை கண்ணால்தான் யோசிக்கிறோம். எத்தனை அங்குலம், எத்தனை விநாடி என்பது நம் கணக்கு. ஒரு காட்சியை ஆபாசமாக்குவதில் பின்னணி இசைக்கு இருக்கும் பங்கை யாரும் அளப்பதில்லை. கண்ணியமாக்குவதில் அதற்கு இருக்கும் பங்கையும் அளப்பதில்லை. இசையமைப்பாளர்கள் இதை நன்றாக அறிவார்கள். பார்வையாளர்களாகிய நாமும் அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

லூயி மாலுக்கும் நம் ஊருக்கும் நேரடியாகவே ஓர் உறவு உண்டு. 1968-இன் தொடக்கத்தில் அவர் இந்தியா வந்தார். கூட இருவர்தான்: கேமராவுக்கு எத்தியேன் பெக்கர், ஒலிக்கு ழான் குளோத் லொரோ. மாதக்கணக்கில் சுற்றி எடுத்த படங்கள் ஏழு பாகத் தொலைக்காட்சித் தொடராக வந்தன. அதன் தலைப்பை 'மாய இந்தியா' என்று சொல்லலாம். இரண்டாம் பாகம் முழுக்க மெட்ராஸ். மயிலாப்பூர்த் தேர் அதில் நகர்கிறது. கலாக்ஷேத்ராவின் நடன வகுப்பில் கேமரா அவசரமே இல்லாமல் உட்கார்ந்துவிடுகிறது. அந்தச் சமயம் ஒரு ஸ்டுடியோவில் நடந்துகொண்டிருந்த படப்பிடிப்பையும் எடுத்தார். அது 'தில்லானா மோகனாம்பாள்'. நாகஸ்வரமும் பரதமும் ஒன்றை ஒன்று ஜெயிக்கப் பார்த்து, அந்தப் போட்டியிலேயே இருவர் மனமும் தெரிந்துவிடும் கதை. சொல்ல முடியாததை இசையிடம் கொடுத்த மால், தமிழ் சினிமா அதையே செய்துகொண்டிருந்த தளத்துக்கு வந்து நின்றிருக்கிறார். எனக்கு இதைவிடப் பிடித்த சந்திப்பு சினிமா வரலாற்றில் அதிகம் இல்லை.

அந்தத் தொடருக்கும் எதிர்ப்பு வந்தது. பிபிசி அதை ஒளிபரப்பியபோது வறுமையைத்தான் காட்டுகிறார் என்று இந்திய அரசு கோபம் கொண்டு, 1970-இல் பிபிசியின் டெல்லி அலுவலகத்தையே மூட வைத்தது. அந்தப் பாகங்களில் லொரோ பதிவு செய்த ஒலிகளை இன்று கேட்கும்போது, அரை நூற்றாண்டுக்கு முந்தைய மெட்ராஸின் சத்தம் நமக்குக் கிடைத்திருக்கிறதே என்று நன்றி சொல்லத் தோன்றுகிறது.

இனி உங்களுக்கு ஒரு வேண்டுகோள். 'லெ ஸமான்' படத்தைத் தேடிப் பார்க்க நினைப்பவர்கள், அதற்கு முன்னால் ப்ராம்ஸின் இரண்டாம் பகுதியைத் தனியாகக் கேட்டுவிடுங்கள். பாப்லோ கசால்ஸும் ஐசக் ஸ்டெர்னும் மற்ற நால்வரும் 1952-இல் பிராட் என்ற ஊரில் சேர்ந்து வாசித்த பதிவு இருக்கிறது. ஒலித்தரம் பழையது, வாசிப்பில் ஒரு குறையும் இல்லை. க்ளாராவுக்காக எழுதிய பியானோ வடிவத்தையும் பலர் வாசித்திருக்கிறார்கள். இரவில் கேட்க அதுவே மேல். பத்து நிமிஷம் சொச்சம்தான் ஆகும். இரண்டு முறை கேட்டால் மெட்டு மனசில் ஏறிவிடும். பிறகு படத்தைப் பாருங்கள்.

கேட்டுவிட்டு எங்களுக்கு எழுதுங்கள். கூடவே இன்னொன்றும் எழுதுங்கள்: நீங்கள் பார்த்த தமிழ்ப் படங்களில், காட்சி சொல்லத் தயங்கியதை இசை சொன்ன இடம் எது? பாட்டு வேண்டாம், பின்னணி இசை மட்டும். படத்தின் பெயர், இசையமைப்பாளர் பெயர், காட்சி, அங்கே எந்தக் கருவி ஒலிக்கிறது என்பது வரை எழுதினால் நல்லது. ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். தேர்ந்தெடுத்த கடிதங்களை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்